சாவி யார் கையில்? புதிய தலைமையாசிரியருக்கான வள மேலாண்மை வழிகாட்டி

புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஒரு பட்டியலோடு கிளம்பிவிடுகிறார்கள். கணினி வேண்டும், மேசை வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும். யாரைப் பார்த்தால் கிடைக்கும் என்பதே பேச்சாக இருக்கும். கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரே அளவு நிதி பெறும் இரண்டு பள்ளிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் நூலகம் இயங்கும், குழாயில் தண்ணீர் வரும், ஆய்வகக் கருவிகளில் பிள்ளைகளின் கைரேகை இருக்கும். மற்றொன்றில் எல்லாம் பதிவேட்டில் மட்டும் இருக்கும். இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் தலைமை நாற்காலியில் இருப்பவரின் குணமே காரணம். குணம் என்றதும் பேச்சாற்றலும் கம்பீரமும் நினைவுக்கு வரலாம். அவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. சாவியை யாரிடம் கொடுக்கிறார், கணக்கை யாருக்குக் காட்டுகிறார், எப்போது வேண்டாம் என்று சொல்கிறார் என்பன போன்ற அன்றாடப் பழக்கங்களைத்தான் இங்கே குணம் என்கிறேன்.

அந்தப் பழக்கங்களை வேலை வரிசையில் கீழே தருகிறேன். நாட்டுக்கு நாடு, நிர்வாகத்துக்கு நிர்வாகம் விதிகள் மாறும். வேலையின் வரிசை அவ்வளவாக மாறாது.

1. கையெழுத்துக்கு முன் எண்ணுங்கள்

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை நீட்டியதும் மரியாதைக்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முந்தைய தலைமையாசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி முழுவதும் நடந்து வாருங்கள். உடன் ஓர் ஆசிரியரும் ஓர் அலுவலக ஊழியரும் வரட்டும். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு பீரோவையும் திறந்து பாருங்கள். 'சாவி கிடைக்கவில்லை' என்று சொல்லப்படும் பீரோவைக் கட்டாயம் திறக்கச் சொல்லுங்கள்.

பட்டியலில் 'நாற்காலி 40' என்று இருந்தால், 40 இருக்கின்றனவா என்று பார்ப்பது பாதி வேலை. எத்தனையில் உட்கார முடியும் என்பது மீதி. ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: பதிவேட்டில் உள்ளது, கண்ணால் கண்டது, இயங்குவது, பழுது பார்த்தால் இயங்கக்கூடியது, கடைசியாகப் பயன்பட்ட நாள். அந்த ஐந்தாவது பத்தியை நிரப்பும்போதுதான் பள்ளியின் உண்மையான நிலை தெரியவரும். ஒரு பள்ளியின் ஆய்வக பீரோவைத் திறந்தபோது மேல்தட்டில் ஆறு நுண்ணோக்கிகள் இருந்தன. நான்கின் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கீழ்த்தட்டில் வேதிப்பொருள் புட்டிகள், லேபிள்கள் மங்கிப் படிக்க முடியாத நிலையில். அதே பள்ளியின் கோப்பில், முந்தைய ஆண்டு அனுப்பிய ஒரு விண்ணப்பத்தின் நகல் இருந்தது: 'ஆய்வகக் கருவிகள் போதவில்லை, வழங்கி உதவ வேண்டுகிறோம்.'

கழிக்க வேண்டியவற்றைத் தனியே ஒதுக்கி, உங்கள் நிர்வாகத்தின் கழிவுநீக்க நடைமுறைப்படி அப்புறப்படுத்தும் வேலையை உடனே தொடங்குங்கள். உடைந்த தளவாடங்களால் ஒரு வகுப்பறை அடைபட்டுக் கிடக்கிறது என்றால், அதைக் காலி செய்வதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் புதிய வகுப்பறை. இதற்கு யாரிடமும் நன்கொடை கேட்க வேண்டியதில்லை.

2. பூட்டுக்குப் பின்னால் இருக்கும் அச்சத்தைப் பாருங்கள்

பொருள்கள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் காரணம் அச்சம். வெளியே எடுத்தால் உடையும். உடைந்தால் தணிக்கையில் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். பயன்படாமல் பழையதாகிப் போன பொருளுக்குத் தணிக்கையில் கேள்வி எழுவது குறைவு. நிர்வாக முறையே பூட்டி வைப்பவருக்குத்தான் பரிசு தருகிறது.

இன்னோர் அச்சமும் உண்டு. சியரா லியோனில் அரசு இலவசமாக வழங்கிய பாடநூல்கள் குறித்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் பெரும்பகுதி பிள்ளைகளின் கைக்குப் போகாமல் அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புத்தகம் வருமா வராதா என்று தெரியாததால் நிர்வாகிகள் சேமித்து வைத்தார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் ஏதும் இல்லை. அந்த நிர்வாகிகளைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பஞ்சம் பார்த்த வீட்டில் நெல் குதிர் எப்போதும் மூடியே இருக்கும். ஆனால் பாடநூல் அப்படி வைத்து உண்ணும் பண்டம் இல்லை. இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருக்காது.

எனவே வள மேலாண்மையில் முதலில் வேண்டிய குணம் துணிவு. அதைப் பேச்சில் காட்டினால் போதாது, எழுத்தில் காட்டுங்கள். முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே மூன்று முடிவுகளைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பாடம் நடத்தும்போது இயல்பாக உடையும், தேயும் பொருளுக்கு ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை. உடைந்த அன்றே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

எந்த பீரோவுக்கும் சாவி இருவரிடம் இருக்கும். ஒருவர் விடுப்பில் போனால் பாடம் நிற்கக் கூடாது. தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் மட்டும் இருக்கும் சாவி, இல்லாத சாவிக்குச் சமம்.

பொருளை எடுக்க விண்ணப்பம் வேண்டாம். எடுத்தவர் பெயர், நாள், திருப்பிய நாள் என்று மூன்று பத்தி கொண்ட ஒரு வழங்கல் பதிவேடு போதும். எடுக்கும் வேலை ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஆசிரியர்கள் எடுக்க மாட்டார்கள். இது மனித இயல்பு, சுற்றறிக்கையால் மாறாது.

3. 'என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும், அதுவும் பக்கத்துப் பள்ளியில் இருப்பவற்றின் பட்டியல். 'எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? எந்த இடத்தில்?' என்று கேளுங்கள். பின்னத்தில் தடுமாறுகிறார்கள் என்று பதில் வந்தால், அதற்கு என்ன உதவும் என்பது அடுத்த கேள்வி. சில நேரம் விடை ஓர் அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலுமாக இருக்கும். சில நேரம் ஆசிரியருக்கு ஒரு பயிற்சியாக இருக்கும். எப்போதாவதுதான் விலையுயர்ந்த கருவி தேவைப்படும்.

இங்கே வேண்டிய குணம் கேட்கும் பொறுமை. பொருள் பயன்படும் இடத்திலிருந்து பின்னோக்கி யோசிக்காவிட்டால் நல்ல பொருளும் வீணாகும். கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் வழங்கி அதன் விளைவை அளந்த ஆய்வு 2009-ல் வெளியானது. சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துவந்த பிள்ளைகள் மட்டும் பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் கையில் இருந்தும் படிக்க முடியவில்லை.

தேவைப் பட்டியலைத் தயாரிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: வீடுகள் தாமே வாங்கிக் கொடுக்கக்கூடியது எது, பள்ளியால் மட்டுமே தர முடிவது எது? இந்தியாவிலும் சாம்பியாவிலும் பள்ளிகளுக்குத் தரப்பட்ட மானியங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மானியம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தபோது, பெற்றோர் தம் செலவைக் குறைத்துக்கொண்டார்கள்; பிள்ளைகளின் மதிப்பெண்ணில் பெரிய மாற்றமில்லை. எதிர்பாராமல் வந்த மானியம் மதிப்பெண்ணை உயர்த்தியது. பெற்றோர் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளி நோட்டு தந்தால் வீட்டில் ஏன் வாங்க வேண்டும்? ஆனால் பள்ளி நிதியைத் திட்டமிடும் உங்களுக்கு இது முக்கியமான செய்தி. எந்த வீடும் தனியாக வாங்க முடியாதவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்: வகுப்பு நூலகம், ஆய்வகக் கருவி, கழிப்பறை நீர், ஆசிரியர் பயிற்சி. வாங்க வழியே இல்லாத வீடுகளின் பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் தனியாக, சத்தமில்லாமல் கொடுங்கள்.

4. உங்களுக்கு உரியது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வளம் திரட்டுவது என்றதும் நன்கொடையாளரைத் தேடி ஓடுவதற்கு முன், விதிப்படி உங்கள் பள்ளிக்கு வர வேண்டியது முழுவதும் வந்ததா என்று பாருங்கள். இந்த விஷயத்தில் உகாண்டாவின் அனுபவத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. 1991 முதல் 1995 வரை அந்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய தலைக்கு இவ்வளவு என்ற மானியத்தில், சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளைச் சென்றடைந்தது. மீதி இடையிலேயே கரைந்தது. வசதியான பெற்றோர் உள்ள பள்ளிகள் ஓரளவு கூடுதலாகப் பெற்றன. கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தது. பிறகு அரசு, ஒவ்வொரு முறை நிதி விடுவிக்கும்போதும் தொகையை நாளிதழ்களில் வெளியிடத் தொடங்கியது. நிலைமை வெகுவாக மாறியது. 2001 வாக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிகளைச் சேர்ந்தது.

இதில் நமக்கு வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. நாளிதழ் விற்பனை நிலையத்துக்கு அருகில் இருந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், மானிய விதிகளையும் நிதி விடுவிக்கும் காலத்தையும் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் பள்ளிகளுக்குக் கூடுதல் பங்கு கிடைத்தது. சிபாரிசாலோ சாமர்த்தியத்தாலோ வந்ததில்லை அது; தகவல் தெரிந்திருந்ததால் வந்தது.

ஆகவே ஒரு நாள்காட்டி தயாரியுங்கள். எந்த மானியம், எந்த விதியின் கீழ், எந்த மாதம் விடுவிக்கப்படும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பம், எந்தத் தேதிக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒரே தாளில் எழுதி, உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். முந்தைய ஆண்டின் சான்றிதழ் போகாததால் இந்த ஆண்டின் தொகை நின்றுவிட்டது என்பது எங்கும் கேட்கும் கதை. வெகு எளிதாகத் தவிர்க்கக்கூடியதும்கூட.

5. கேட்கும்போது

முன்னாள் மாணவர்கள், பெற்றோர், நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் என்று யாரிடம் கேட்டாலும், கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: குறிப்பான தேவை, ஏற்கெனவே நீங்கள் செய்தது, கொடுத்த பிறகு என்ன தெரிவிப்பீர்கள் என்பது. இரண்டு கடிதங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

'எங்கள் பள்ளியில் ஏழை எளிய மாணவர்கள் பயில்கின்றனர். அடிப்படை வசதிகள் போதவில்லை. தங்களால் இயன்ற உதவியைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

'எங்கள் ஆய்வகத்தில் ஆறு நுண்ணோக்கிகள் உள்ளன. இரண்டைப் பழுது பார்த்துவிட்டோம். ஆறும் இப்போது இயங்குகின்றன. ஒன்பதாம் வகுப்பில் 48 பேர். ஒரு கருவிக்கு எட்டுப் பேர் என்பதால் ஒரு பாடவேளையில் பாதிப் பேருக்குத்தான் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. மேலும் ஆறு கிடைத்தால் எல்லோரும் பார்க்கலாம். வழங்கல் பதிவேட்டின் நகலைப் பருவத்துக்கு ஒரு முறை தங்களுக்கு அனுப்புவோம்.'

முதல் கடிதம் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். அதனால்தான் எவர் மனத்திலும் நிற்பதில்லை. இரண்டாவது கடிதத்தை எழுத வேண்டுமென்றால் முதல் படியில் சொன்ன எண்ணிக்கை வேலையைச் செய்திருக்க வேண்டும். இருப்பதை இயக்கிக் காட்டுபவரை நம்பித்தான் அடுத்ததைக் கொடுப்பார்கள். ஏழ்மையை விவரித்து இரக்கம் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கடிதம் என்றாவது பிள்ளைகளின் கண்ணிலும் படும்.

பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். பிறகும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உதவி வந்தாலோ, நன்றிக் கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் கழித்து, அந்தப் பொருள் எப்படிப் பயன்படுகிறது என்று நாலு வரி எழுதுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே செய்பவர்களைக் கொடுப்பவர்கள் மறப்பதில்லை.

6. வேண்டாம் என்று சொல்லவும் பழகுங்கள்

இலவசமாக வருவதற்கும் செலவு உண்டு. நன்கொடையாகக் கணினிகள் வருகின்றன என்றால், மின்இணைப்பு தாங்குமா, வைக்க இடம் இருக்கிறதா, பழுதானால் யார் பார்ப்பார்கள், கற்பிக்க யாருக்குத் தெரியும், எந்தப் பாடவேளையில் என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். பெரு நாட்டில் மடிக்கணினிகளைப் பெருமளவில் பள்ளிகளுக்கு வழங்கிய திட்டத்தை ஆராய்ந்து 2012-ல் வெளியான முடிவு, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்றது. கருவி இருந்தது, அதைப் பாடத்தோடு இணைக்கும் வேலை நடக்கவில்லை.

மறுப்பதை மரியாதையாகச் செய்யலாம். 'தங்கள் அன்புக்கு நன்றி. இப்போதைக்கு எங்களுக்கு மிகவும் தேவைப்படுவது இது' என்று உங்கள் பட்டியலின் முதல் வரியைக் காட்டுங்கள். பலர் மாற்றிக் கொடுக்கச் சம்மதிப்பார்கள். கிழிந்த பழைய புத்தகங்களையும் ஓடாத கடிகாரங்களையும் பள்ளிக்குத் தள்ளிவிட நினைப்பவர்கள் சற்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பிரதிபலனாகச் சேர்க்கையிலோ ஒப்பந்தத்திலோ சலுகை எதிர்பார்க்கும் நன்கொடை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

7. பணம்

இதில் நெளிவு சுளிவுக்கு இடமில்லை, எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிப் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. காசோலையில் இருவர் கையொப்பம். பெரிய கொள்முதலுக்கு விலைப்புள்ளிகள் வாங்கி, குறைந்த விலையை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் காரணத்தைக் கோப்பில் எழுதுங்கள். வாங்குபவரும் பொருளைச் சரிபார்த்துப் பெறுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். ரொக்கப் பதிவேட்டை அன்றன்றே முடியுங்கள். மாதம் ஒரு முறை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். ரசீது இல்லாத செலவு, செலவே அன்று.

மாதக் கடைசியில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாரும் படிப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். படிக்காவிட்டாலும் அந்தத் தாள் அங்கே இருப்பதே வதந்தியைப் பாதியாகக் குறைத்துவிடும்.

8. நேரமும் ஆளும்கூட வளந்தான்

எந்தப் பள்ளியின் செலவிலும் பெரும்பகுதி ஊதியமே. ஆனாலும் வள மேலாண்மை என்றால் மேசை நாற்காலிக் கணக்கையே நினைக்கிறோம். கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மிகத் திறமையான ஆசிரியர் யாருக்குப் பாடம் எடுக்கிறார்? வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கா, தேர்வில் பெயர் வாங்கித் தரும் வகுப்புக்கா? எத்தனை பாடவேளைகள் விழா ஒத்திகைக்கும் புள்ளிவிவரம் நிரப்புவதற்கும் போகின்றன? ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கணக்கு உங்களையே திடுக்கிட வைக்கும்.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் விவியன் ராபின்சனும் இரு ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தலைமையின் பல்வேறு செயல்கள் மாணவர் கற்றலை எந்த அளவு பாதிக்கின்றன என்று ஒப்பிட்டது. வளங்களை நோக்கத்தோடு ஒதுக்குவதன் விளைவு அளவு (எண் கூடக் கூடத் தாக்கம் அதிகம்) 0.31. ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து, தலைவரும் அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வதன் விளைவு 0.84. பொருளைத் திரட்ட அலுவலகம் அலுவலகமாக அலைந்து, ஆசிரியர்களின் பாடத் திட்டக் கூட்டத்துக்கு ஒரு நாளும் வராத தலைமையாசிரியர்கள் இந்த இரண்டு எண்களையும் எதிரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பயிற்சி நாளில் கடைசி வரிசையில் நோட்டுடன் உட்காருங்கள். எந்தக் கருவி உண்மையில் தேவை என்பது அங்கே தெரிந்துவிடும்.

9. பராமரிப்பு

பருவத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கூரை, மின்கம்பி, குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள், தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி. ஆண்டு நிதியில் ஒரு பகுதியைப் பழுதுக்கென்றே முதலில் எடுத்துவைத்துவிட்டு மீதியில் புதியது வாங்குங்கள். திறப்பு விழாவில் படம் எடுக்க முடியாத செலவு இது. அதனாலேயே தள்ளிப்போடப்படுகிறது.

10. போகும் நாளை இப்போதே நினையுங்கள்

பணிமாற்றமோ ஓய்வோ ஒரு நாள் வரும். அன்று ஒப்படைக்கும் கோப்பை இன்றே தொடங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: இருப்புப் பட்டியல் (அந்த ஐந்து பத்திகளோடு), மானிய நாள்காட்டி, நன்கொடையாளர்களின் பெயரும் அவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளும், நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள், உத்தரவாதக் காலம் முடியாத கருவிகளின் ரசீதுகள், பழுது பார்ப்பவர்களின் தொலைபேசி எண்கள், கடவுச்சொற்கள் இருக்கும் இடம், ஒவ்வொரு சாவிக்கும் ஓர் எண்ணும் அது எந்தப் பூட்டுக்கானது என்ற குறிப்பும்.

பள்ளிக்கு வரும் உதவிகள் உங்கள் தனிப்பட்ட செல்வாக்கால் மட்டுமே வருகின்றன என்றால், நீங்கள் போன அன்றே அவை நின்றுபோகும். துணைத் தலைமையாசிரியரையும் பெற்றோர் குழுவினரையும் அந்தச் சந்திப்புகளுக்கு இப்போதிருந்தே அழைத்துப் போங்கள். அடுத்த கடிதத்தை அவர்களே எழுதட்டும், நீங்கள் திருத்திக் கொடுங்கள்.